கேக்குது, வைங்க

இது ஒருவர் வாழ்வில் நடந்தது. நம்புவதா வேண்டாமா என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் இதில் வரும் மனிதர் இன்றும் அதே கார் சர்வீஸ் சென்டரில், அதே கடைசித் தடுப்பில் வேலை பார்க்கிறார். சின்னப் பொய் சொன்னாலும் காது மடல் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும் சுபாவம் அவருக்கு. இதைச் சொல்லி முடிக்கும்வரை அவருடைய காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்துக்கொண்டே போனது.

அந்த இடத்தில் எஞ்சினுக்கு ஓர் ஆள், பிரேக்குக்கு ஓர் ஆள் என்று வேலை பிரிந்திருந்தது. இவருடைய பங்கு ஃபோன். வாடிக்கையாளரின் ஃபோனையும் காரின் திரையையும் ப்ளூடூத்தில் சேர்த்து வைப்பது, பிரிந்தால் மறுபடி கூட்டி வைப்பது, இதுவே காலை முதல் மாலை வரை. ஆகவே அவருக்குத் 'தரகர்' என்று பெயர் விழுந்துவிட்டது. முறிந்துபோன சம்பந்தம் ஒன்று வந்திருக்கிறது, பேசி முடித்துக் கொடுங்கள் என்று சொல்லித்தான் மற்றவர்கள் கார்களை அவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். பொருத்தம் இல்லாத ஜோடியை எல்லாம் என் தலையில் கட்டுகிறீர்களே என்று அவரும் அலுத்துக்கொள்வார்.

அந்த மழைக்காலத்தில் ஓர் அப்டேட் வந்தது. தலைமை அலுவலகம் அனுப்புவது; கார்கள் நின்றது நின்றபடியே அதை வாங்கிக்கொள்ளும். ஒரே கூண்டில் ஒற்றுமையாக இருந்த இரண்டு கிளிகளிடம் பூனை வந்து கோள் மூட்டிவிட்டுப் போன கதையாக, நேற்றுவரை சேர்ந்திருந்த ஃபோனும் காரும் மறுநாள் ஒன்றை ஒன்று அறியாதவை போல நின்றன. சில கார்களில் இணைப்பு ஏற்பட்டு உடனே அறுந்தது. சிலவற்றில் அழைப்பு பாதிப் பாதியாகப் பிரிந்தது. எதிரில் பேசுபவரின் குரல் கார் ஸ்பீக்கரில் வரும். நாம் பேசுவதை மட்டும் கார் வாங்கிக்கொள்ளாது, ஃபோன்தான் வாங்கும். ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கத்துகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

தரகர் கையில் இருந்தது ஒரே வைத்தியம். காரின் நினைவில் உள்ள ஃபோன்களை எல்லாம் முதலில் அழித்துவிட வேண்டும். பிறகு புதிதாக அறிமுகம் செய்ய வேண்டும். காரின் திரையில் ஓர் எண் தோன்றும். அதே எண் ஃபோனிலும் தோன்றும். இரண்டு பக்கமும் 'ஆம்' என்று அழுத்தினால்தான் சேரும். ஒரு பக்கம் மட்டும் சம்மதித்தால் நடக்காது.

சேர்ந்ததும் ஒரு சோதனை அழைப்பு. அலுவலக எண்ணுக்குத்தான் செய்ய வேண்டும் என்பது விதி. அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள் என்பது நடைமுறை. அதனால் அவர் தம் மனைவிக்கு அழைப்பார். அந்த அம்மாள் வீட்டில் தையல் வேலை செய்பவர். ஃபோன் எப்போதும் மெஷின் பலகை மேல் சாய்ந்திருக்கும்.

"கேக்குதா?"

"கேக்குது, வைங்க."

அவ்வளவுதான். சில நாட்களில் இருபது அழைப்புகள் போகும். கேட்டாலும் வைங்க, கேட்காவிட்டாலும் வைங்க. கல்யாணம் ஆன நாளாக உங்களிடம் நான் பேசுவதே இவ்வளவுதான் என்று அந்த அம்மாள் குறைபட்டுக்கொள்வது உண்டு. ஆனால் ஒரு நாளும் எடுக்காமல் இருந்ததில்லை. மெஷினை நிறுத்தியதும் இல்லை. கடகடவென்ற அந்தச் சத்தத்தின் நடுவே இரண்டு சொல் வந்தால், தரகர் அந்தக் காரின் வேலை முடிந்தது என்று குறித்துவிடுவார்.

அன்று காலை வரிசையில் ஒன்பது கார்கள். தலைமை அலுவலகம் கோளாறைச் சரி செய்து புதிய அப்டேட் ஒன்றைத் தயாராக வைத்திருந்தது. வழக்கம்போல் ஒன்பதையும் ஒரே தட்டில் அதற்குப் பதிவு செய்தார். மாலை ஆறு மணிக்கு எல்லாக் கார்களிலும் அது தானாக இறங்கும்.

ஆறாவதாக வந்தது ஒரு சாம்பல் நிறக் கார். ஓட்டி வந்தவர் ஒரு நர்ஸ். வேலை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும். கண்ணுக்குக் கீழே கருவளையம் கட்டியிருந்தது. இல்லாத ஒரு ஃபோன் தானாக இணைகிறது என்பது புகார். அப்டேட்டுக்குப் பிறகு அது எல்லாரும் சொல்வதுதான். அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பத்து நிமிட வேலை, பெஞ்சில் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே ஏறிக்கொண்டார்.

காரின் நினைவில் ஒரே ஒரு ஃபோன் இருந்தது. அதற்கு 'அளவுகோல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கை பழக்கத்தில் அழித்துவிட்டது.

கதவை மூடிக்கொண்டு அவர் அடுத்த படிக்குப் போவதற்குள், திரையில் எழுத்துகள் வந்தன.

'ஒரு ஃபோன் இணைய விரும்புகிறது. இரண்டு திரைகளிலும் இதே எண் தெரிகிறதா?'

'ஆம்' என்று அழுத்தினார். அதுவும் பழக்கம்தான்.

இணைந்தது.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வழக்கமாக வாடிக்கையாளர் ஃபோனும் கையுமாகக் கதவருகே நின்று மறுபக்கச் சம்மதத்தை அழுத்துவார். நர்ஸ் தொலைவில், பெஞ்சில்தான் இருந்தார். கைப்பை மடியில் மூடிக் கிடந்தது. அதன்மேல் இரண்டு கைகளும் இருந்தன.

சரி, பைக்குள் விரல் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். திரையில் 'அளவுகோல்' என்று எரிந்தது. பக்கத்தில் அந்த ஃபோனின் பேட்டரி அளவு. சிவப்பில், ஒரே ஒரு கோடு.

வீட்டு எண்ணைத் திரையில் தட்டினார். மணி அடித்தது. மனைவி எடுத்தார். மெஷின் சத்தம் காரை நிறைத்தது. தரகர் கேட்பதற்காக வாயைத் திறந்தார்.

"கேக்குது, வைங்க."

வைத்தாகிவிட்டது. அவர் இன்னும் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.

கேட்பதற்கு முன்பே பதில் சொல்லும் அளவுக்கு மனைவிக்குப் பாடம் ஆகிவிட்டது என்று தனக்குள் சிரித்துக்கொண்டு கீழே இறங்கினார். இறங்கும்போது கால் வைத்த மிதியடி சொதசொதவென்றிருந்தது. மழை அதுவரை பெய்யவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தம் ஃபோனிலிருந்து வீட்டுக்குப் பேசினார். சளி பிடித்திருக்கிறதா என்றார் மனைவி. ஏன் என்று கேட்டார். காலையில் ஓர் அழைப்பில் குரல் வேறு மாதிரி இருந்தது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. அன்று வந்த ஆறாவது அழைப்பு அது என்றார்.

"அந்த கால்ல நான் பேசவே இல்லையே."

மெஷின் நின்றது. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

"பேசினீங்களே. கேக்குதா, கேக்குதான்னு ரெண்டு தடவை கேட்டீங்களே."

தரகர் அந்த அழைப்பு வந்த எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, பில்லுக்காக நர்ஸ் இன்னும் காத்திருந்த பெஞ்சுக்குப் போனார். இது உங்கள் எண்ணா அம்மா என்று படித்துக் காட்டினார். கடைசி இரண்டு இலக்கங்களை நர்ஸே சொல்லி முடித்தார்.

அது அவருடைய கணவரின் எண். நில அளவை செய்யும் சர்வேயர். மூன்று வாரத்துக்கு முன் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. கார் மட்டும் ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில், பூட்டியபடி ஒழுங்காக நின்றது. எதிரே பஸ் நிறுத்தம். தேடியவர்கள் அவர் அளக்கப் போன பக்கத்துப் புதர்களைக் கலைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ஃபோன் அன்று மாலையே அணைந்து போயிற்று. பஸ் ஏறிப் போய்விட்டார் என்று முடிவு கட்டியது ஊர். எவளோடு என்று கேட்டார்கள் நாத்தனார்கள்.

"அவர் போற ஆள் இல்லண்ணா," என்றார் நர்ஸ். "கடைக்குப் போனாக்கூட வாசல்ல நின்னு ரெண்டு தடவை சொல்லிட்டுப் போவார்."

அப்டேட் வந்த மறுநாள், வீட்டு முன் நின்ற காரில் நர்ஸ் ஏறி உட்கார்ந்தபோது 'அளவுகோல்' என்று திரையில் வந்திருக்கிறது. சில நொடிகள்தான். பிறகு தினமும். போலீசில் சொன்னதற்கு, அப்டேட் கோளாறாக இருக்கும், சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். சரி செய்ய அவர் காரைக் கொண்டு வரவில்லை. ஃபோன் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளக் கொண்டு வந்தார்.

"ஃபோன் பக்கத்துல இருந்தாத்தானே சேரும்?"

"பத்து மீட்டருக்குள்ள இருக்கணும்மா."

இருவரும் தேடினார்கள். தரகர் சீட்டுகளைக் கழற்றினார்; கதவுத் தகடுகளைப் பிரித்தார்; ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தில் கைவிட்டுத் துழாவினார். நட்டு போல்ட்டைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. காலையில் நனைந்திருந்த மிதியடியின் கீழே தரைவிரிப்பும் நனைந்திருந்தது. பிழிந்தபோது பாசி வாடை அடித்தது. நர்ஸ் போலீஸ் அதிகாரிக்கு ஃபோன் செய்து, தரகர் மனைவிக்கு வந்த அழைப்பைச் சொன்னார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. மூன்று வாரமாக அந்த எண் எந்த செல்ஃபோன் கோபுரத்தையும் தொடவில்லையாம். நர்ஸ் அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தார். அணைந்திருக்கிறது என்றது.

காரின் திரையிலும் இப்போது ஒன்றும் இல்லை.

ஆறு மணி அப்டேட் தரகருக்கு அப்போதுதான் உறைத்தது. அது இறங்கினால் கோளாறு நீங்கிவிடும். கோளாறு நீங்கினால்...

மேலாளரிடம் ஓடினார். இந்த ஒரு காரை மட்டும் விட்டுவிட வேண்டும் என்றார். பதிவு செய்ததை அழிக்க இங்கே வழியில்லை என்று அவர் கையை விரித்தார்.

"தலைமை ஆபீஸ்ல இருந்து வருது தரகரே. நான் என்ன குழாயா திருகி வெச்சிருக்கேன், மூடறதுக்கு?"

பேட்டரி ஒயரைக் கழற்றலாம். கழற்றினால் திரையே அணைந்துவிடும். அழைப்பு எங்கே வரும்? ஓட்டிக்கொண்டு போகலாம். காருக்குள்ளேயே ஒரு சிம் இருக்கிறது. எங்கே போனாலும் அப்டேட் வந்து சேர்ந்துவிடும். இருபது வருட அனுபவத்தையும் புரட்டிப் பார்த்தார். காத்திருப்பதைத் தவிர எதுவும் அகப்படவில்லை.

ஐந்தரைக்கு மழை பிடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது.

ஐந்தே முக்காலுக்கு, யாரும் தொடாமல், திரை ஒளிர்ந்தது.

'அளவுகோல்' இணைந்தது.

இருவரும் காருக்குள் இருந்தால் குரலும் எதிர்க்குரலும் மோதி ஊளையிடும். அதனால் நர்ஸை அவருடைய ஃபோனோடு வெளியே கூரை ஓரத்தில் நிற்கச் சொன்னார். இவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, அவருடைய எண்ணைத் திரையில் தட்டினார்.

கண்ணாடிக்கு அப்பால் நர்ஸின் கையில் ஃபோன் ஒளிர்ந்தது. காதில் வைத்தார்.

ஸ்பீக்கரில் மழைச் சத்தம். பிறகு நர்ஸின் குரல்.

"ஹலோ..."

"கேக்குது... கேக்குதுங்க... நான்தான் பேசறேன்..."

நர்ஸின் காதில் விழுவது எதுவும் காருக்குள் கேட்கவில்லை. அவர் சொல்வது மட்டும்தான் வந்தது.

"கேக்குதுன்னு சொல்றேனே... நான் பேசறது கேக்கலையா?"

தரகருக்கு அந்தக் கோளாறு விளங்கியது. அப்டேட் பாதியாகப் பிரித்த அதே கோளாறு. அந்தப் பக்கம் பேசுகிறவரின் வாய் ஃபோனில் இருக்கிறது. காது இங்கே, இந்தக் காரில் இருக்கிறது. அந்தப் பெண் சொல்லும் பதில் ஒவ்வொன்றும் சேர வேண்டியவரைச் சேராமல், அவருடைய இருக்கையில் உட்கார்ந்திருக்கும் வேறொருவனிடம் வந்து விழுகிறது.

வேறொருவன்... தான்தான் அது என்று நினைத்தபோது முதுகு சில்லிட்டது. தொட்டுப் பார்த்தார். சட்டை நனைந்திருந்தது. சாய்ந்திருந்த இருக்கை முழுதும் நீர் ஊறியிருந்தது.

கண்ணாடிகள் உட்புறமாகப் பனித்துக்கொண்டு வந்தன.

பாசி வாடை.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் படம் உண்டு. பேச்சைக் காரிலிருந்து ஃபோனுக்கே திருப்பிவிடும் பொத்தான். அதை அழுத்தினால் சர்வேயருக்குக் கேட்கும். இவருக்குக் கேட்காது.

அழுத்தினார்.

கார் ஊமையானது.

பனித்த கண்ணாடியைக் கையால் துடைத்துப் பார்த்தார். நர்ஸின் முகம் மாறியது. கண்கள் அகன்றன. மறுகை வாயை மூடியது. பிறகு அந்தக் கை விலகி, உதடுகள் ஏதோ ஒன்று சொல்லின. ஒரே ஒரு வாக்கியம்.

திரையில்...

'அப்டேட் தயார். அறுபது வினாடியில் தொடங்கும்.'

மணி ஆறாகவில்லை. ஐந்து ஐம்பத்தைந்து. 'பிறகு' என்ற பொத்தானை அழுத்தினார். சாம்பல் நிறமாகக் கிடந்தது, அசையவில்லை. மறுபடி அழுத்தினார். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார்.

ஐம்பது...

முப்பது...

கதவைத் திறந்து, எங்கே என்று கேளுங்கள், எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள் என்று கத்தினார். தகரக் கூரை அதை விழுங்கிவிட்டது.

பத்து...

இருட்டு.

நர்ஸ் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி காதில் வைத்துக்கொண்டார். தரகர் அருகில் போகும்வரை அப்படியே நின்றார்.

"கேக்குதா, கேக்குதான்னே கேட்டுட்டு இருந்தார்ணா. திடீர்னு 'ஆங், கேக்குது'ன்னார்." மழையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு வேற ஒண்ணும் வாயில வரல. சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

ஃபோனைப் பார்த்தபடி, "எங்க இருக்கீங்கன்னு கேக்கத் தோணலையேண்ணா எனக்கு," என்றார்.

சாப்பிட்டீங்களா என்ற அந்தக் கேள்வி கணவரைச் சேர்ந்ததா, அதற்கு முன்பே அறுந்துவிட்டதா என்பது தெரியவில்லை. நர்ஸ் அதைத் தரகரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். தரகருக்கும் தெரியவில்லை.

புதிய அப்டேட் அருமையாக வேலை செய்தது. நர்ஸின் ஃபோன் முதல் தடவையிலேயே சேர்ந்தது. குரல் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. ஒன்பது கார்களிலும் கோளாறு தீர்ந்ததென்று மேலாளர் எல்லாருக்கும் தேநீர் வரவழைத்தார். சாம்பல் நிறக் காரில் 'அளவுகோல்' அதன்பின் ஒருபோதும் வரவில்லை. தரைவிரிப்பு மறுநாளே உலர்ந்துவிட்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, அந்த நெடுஞ்சாலையின் மறுபுறம், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் கைவிட்டுப்போன கல்குவாரி ஒன்றில், தேங்கிய நீரை யாரோ மோட்டார் வைத்து இறைத்தார்கள். அடியில் சர்வேயர் கிடந்தார். அளக்கும் கருவி கழுத்தில் மாட்டியபடி இருந்தது. காணாமல் போன அன்று மாலையே, விழுந்த சில நிமிடங்களில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அவர் எங்கேயும் போய்விடவில்லை. நாத்தனார்கள் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். நர்ஸ் அழவில்லை என்று கேள்வி.

ஃபோன் சட்டைப் பையில் இருந்தது. அதற்கு உயிர் வருமா என்று பார்க்க ஆள் தேவைப்பட்டபோது, நர்ஸ் தரகரைச் சொல்லியிருக்கிறார். ஒரு பிற்பகலில் காவல் நிலையத்துப் பின்னறைக்குப் போனார். ஜன்னல் வழியே நல்ல வெயில். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே நடைபாதைப் பெஞ்சில் நர்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி கை கழுவப் போயிருந்தார்.

தரகர் பின்மூடியைக் கழற்றி, சேற்றைத் துடைத்து, உலர்த்தி, சார்ஜரை மாட்டினார். அது எழாது என்று அவருக்குத் தெரியும். மூன்று வாரமும் அதற்கு மேலும் நீரில் கிடந்த ஃபோன் எழுந்து அவர் பார்த்ததில்லை.

திரை ஒளிர்ந்தது.

முகப்பு வரவில்லை. தொடக்க எழுத்துகள் வரவில்லை.

ஓர் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

மேலே நர்ஸின் பெயர். அதன் கீழே பேசிய நேரம். வினாடி நகர்ந்துகொண்டிருந்தது. நிமிடம். மணிக்கணக்கு மூன்று இலக்கத்தில் இருந்தது. விரல் விட்டு நாட்களாக மாற்றினார். கணக்கு ஒரு மழை மாலையில், ஆறு மணிக்குச் சற்று முன்னால் போய் முடிந்தது.

அவர் பக்கம் அது அறுபடவே இல்லை.

தரகர் ஃபோனைக் காதுக்குக் கொண்டுபோனார்...

தகரக் கூரையில் மழை.

"சாப்பிட்டீங்களா?"

இடைவெளி. மழை.

"சாப்பிட்டீங்களா?"

அதே குரல். அதே ஏற்ற இறக்கம்.

தலையைத் திருப்பிக் கதவிடுக்கில் பார்த்தார். பெஞ்சில் நர்ஸ் சுவரைப் பார்த்தபடி இருந்தார். உதடுகள் மூடியிருந்தன.

"சாப்பிட்டீங்களா?"

எழுந்தார். கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. சார்ஜர் ஒயர் இழுத்தது. குனிந்து அதை விடுவிப்பதற்குள் அதிகாரி உள்ளே வந்துவிட்டார்.

"அட, உயிர் வந்துடுச்சா? யாருங்க லைன்ல?"

ஃபோனை வாங்கினார். வாங்கிய வேகத்தில் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானில் பதிந்தது. எல்லாருக்கும் இருக்கும் பழக்கம்தான் அது. சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு.

திரை அணைந்தது. அதன்பின் எதற்கும் எழவில்லை. பேட்டரியைத் தனியே எடுத்து, இரண்டையும் வெவ்வேறு உறையிலிட்டு, தரகர் கண் முன்னாலேயே அரக்கு முத்திரை வைத்தார்கள்.

வெளியே வந்தபோது நர்ஸ் எழுந்து நின்றார். என்ன இருந்தது என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"நான் கேட்டது அவருக்குக் கேட்டுச்சாண்ணா?"

"கேட்டுச்சும்மா."

காது சிவக்கவில்லை. நர்ஸ் தலையை ஆட்டிக்கொண்டு, அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

அதோடு தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டு, பாரம் இறங்கியவராகத் தரகர் வீட்டுக்குப் போனார். ஏழு மணி இருக்கும். வாசல்வரை கேட்கும் மெஷின் சத்தம் அன்று கேட்கவில்லை. உள்ளே மனைவி மெஷின் முன்னால் முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பாதி தைத்த துணி ஊசிக்கடியில் கிடந்தது. விளக்குப் போடவில்லை. பலகை மேல் ஃபோன் மட்டும் ஒளிர்ந்தது.

"அந்த நம்பர்தாங்க," என்றார், குரலைத் தாழ்த்தி. "நாலு மணிக்கு வந்துச்சு."

"என்ன சொன்னார்?"

"'சத்தம் ஏன் நின்னுடுச்சு'ன்னு கேட்டார். ஒரே ஒரு தடவை. அப்புறம் பேசல. ஆனா லைன்ல இருக்கார்."

குனிந்து பார்த்தார். மூன்று மணி நேரத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்தது. காதை அருகில் கொண்டுபோனபோது, வெகு ஆழத்தில், நீர் சொட்டுவது போல ஏதோ... சொட்டு... நின்று... சொட்டு...

"வெச்சுடக் கூடாதா?"

"அன்னைக்கு நான்தானே வைங்கன்னு சொல்லிட்டு வெச்சேன்," என்றார் மனைவி. "இன்னொரு தடவை என்னால முடியாதுங்க."

இருவரும் அந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது. திரையின் மூலையில் பேட்டரி சிவப்புக்கு இறங்கியிருந்தது. ஒரே ஒரு கோடு.

தரகர் உள்ளே போய்ச் சார்ஜரைக் கொண்டுவந்து மாட்டினார்.